கோதுமை அறுவடையில் இயந்திரத்தின் பின்னால் தானிய மணி கொட்டுகிறது: காற்றைக் குறைத்தும் நிற்கவில்லை

கேள்வி:

வணக்கம். கோதுமை அறுக்கும்போது கம்பைன் இயந்திரம் விட்டுச்செல்லும் வைக்கோல் வரிசைக்குக் கீழே மணிகள் அளவுக்கு மீறிக் கிடக்கின்றன. இயந்திரம் கதிரை அடிக்கும் குறுக்கு டிரம்மும், வைக்கோலை உலுக்கி மணியைப் பிரிக்கும் உதறிகளும் கொண்ட வகை. வெட்டு அகலம் 4.2 மீட்டர், வைக்கோலும் பதரும் வெளியேறும் பின்வாயின் அகலம் 1.2 மீட்டர். டிரம்மின் விட்டம் 60 செ.மீ.; நிமிடத்துக்கு 1100 சுற்றில் ஓடுகிறது. டிரம்முக்கும் அதன் அடியில் வளைந்திருக்கும் கம்பித் தட்டான கான்கேவுக்கும் உள்ள இடைவெளி முன்புறம் 8 மி.மீ., பின்புறம் 3 மி.மீ. பிற்பகலில் மணியின் ஈரப்பதம் 11 சதவீதமாக இருக்கிறது. காற்றுதான் மணியை வெளியே தள்ளுகிறது என்று கருதி விசிறியின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். மேல் சல்லடையையும் சற்று அதிகமாகத் திறந்தேன். சேதாரம் முன்பைவிடக் கூடியதாகவே தெரிகிறது. தொட்டியில் துண்டு வைக்கோலும் பதரும் வேறு சேர்கின்றன. அடுத்து எதை மாற்ற வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

முதல் மறுமொழி:

வணக்கம் ஐயா. இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். மணி எந்த இடத்தில் இழக்கப்படுகிறது என்பது தெரியாமல் சல்லடையையும் காற்றையும் திருப்பிக்கொண்டிருந்தால், நன்றாக இருந்த அமைப்பும் கெட்டுப்போகும்.

வைக்கோல் நறுக்கியையும் பரப்பியையும் நிறுத்திவிட்டு, வழக்கமான வேகத்தில் சற்றுத் தூரம் அறுத்துச் சென்று, வண்டியை நிறுத்தி, அதன் நீள அளவுக்குப் பின்னோக்கி எடுங்கள். அரை மீட்டருக்கு அரை மீட்டர் கம்பிச் சட்டம் ஒன்றை மூன்று இடங்களில் வைத்து மணிகளை எண்ணுங்கள். இன்னும் அறுக்காத பயிருக்குள் கிடப்பவை இயந்திரம் வருவதற்கு முன்பே உதிர்ந்தவை. அறுத்த விளிம்புக்கும் இப்போது வெட்டுப்பகுதி நிற்கும் இடத்துக்கும் இடையில் கிடப்பவற்றில் ரீலும் (பயிரைக் கத்தியை நோக்கிச் சாய்க்கும் சுழல் சட்டம்) வெட்டுக்கத்தியும் சிதறடித்தவையும் சேர்ந்திருக்கும். வைக்கோல் வரிசைக்குக் கீழே கிடப்பவை எல்லாவற்றின் கூட்டுத்தொகை. ஒரே ஓர் இடத்து எண்ணிக்கையை நம்ப வேண்டாம். சில இடங்களில் எண்ணிச் சராசரி எடுங்கள். பின்னால் கிடக்கும் கதிர்களையும் கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். அவற்றில் மணி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது முக்கியம்.

கேட்டவர்:

சொன்னபடி எண்ணினேன். சட்டத்துக்குள் சராசரியாக, அறுக்காத பயிரில் 5 மணிகள். அறுத்த விளிம்பை ஒட்டிய பகுதியில் 20. வைக்கோல் வரிசையின் கீழ் 210. பின்னால் கிடந்த கதிர்களில் மணி அநேகமாக இல்லை. ஆனால் வைக்கோல் நீளமாக வராமல் சிறு சிறு துண்டுகளாக நொறுங்கி வருகிறது. தொட்டியில் உடைந்த மணிகளும் உள்ளன. இந்த வயலில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 4 டன் விளைச்சலை எதிர்பார்க்கிறேன்.

முதல் மறுமொழியாளர்:

கணக்கைப் போட்டுவிடலாம். ஆயிரம் மணிகளின் எடை 40 கிராம் என்று கொண்டால், ஹெக்டேருக்கு 4 டன் என்பது சதுர மீட்டருக்கு 400 கிராம், அதாவது 10,000 மணிகள். உங்கள் சட்டம் கால் சதுர மீட்டர் என்பதால் எண்ணிக்கைகளை நான்கால் பெருக்க வேண்டும்: 20, 80, 840. முன்பகுதியில் இயந்திரம் சிதறடித்தவை 60, இது 0.6 சதவீதம். பின்பகுதியில் 840இலிருந்து 80ஐக் கழித்தால் 760. இதை அப்படியே எடுத்துக்கொண்டு பலரும் பதறிப்போகிறார்கள். 4.2 மீட்டர் அகலத்தில் அறுத்த பயிரின் சேதாரம் முழுவதும் 1.2 மீட்டர் அகலத்துக்குள் கொட்டப்படுகிறது. எனவே 760ஐ 3.5ஆல் (4.2 ÷ 1.2) வகுக்க வேண்டும். ஏறத்தாழ 217 வருகிறது, அதாவது 2.2 சதவீதம். கோதுமையில் இயந்திரச் சேதாரத்தை 1 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவர முடியும் என்பதால், உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது.

கதிரில் மணி ஒட்டிக்கொண்டு வராததால் அடிப்பில் குறையில்லை. அடிப்பு மிகையாக இருக்கிறது. 60 செ.மீ. டிரம் 1100 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 35 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 11 சதவீத ஈரத்தில் சருகாய்க் காய்ந்த பயிருக்கு அந்த வேகமும், 3 மில்லிமீட்டர் பின் இடைவெளியும் சேர்ந்தால் தாள் நொறுங்கத்தான் செய்யும். நொறுங்கிய துண்டுகள் உதறியின் மேல் ஏறிப் பின்னால் போவதற்குப் பதிலாக, கான்கேவ் வழியாகவும் உதறியின் துளைகள் வழியாகவும் சல்லடைமீது விழுந்து, அங்கே மெத்தைபோல் படிகின்றன. நீங்கள் காற்றைக் குறைத்தபோது அந்தப் படிவம் தளராமல் சல்லடைமீது ஒட்டிக்கொண்டது. மணி அதற்குள் இறங்க வழியின்றி, அதன்மேல் சவாரி செய்து பின்னால் விழுகிறது. மேல் சல்லடையைத் திறந்ததால் துண்டு வைக்கோல் கீழ்ச் சல்லடைக்கும் இறங்கி, சரியாக அடிபடாதவற்றைத் திருப்பி அனுப்பும் எலிவேட்டர் (திரும்பிச்செல்லும் எலிவேட்டர்) வழியே மீண்டும் டிரம்முக்குப் போயிருக்கும். உடைந்த மணிகளுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே டிரம்மை 900 சுற்றுக்குக் குறையுங்கள். கான்கேவை முன்புறம் 12, பின்புறம் 6 மில்லிமீட்டருக்குத் திறவுங்கள். பின்னால் வந்து விழும் கதிர்களில் மணி நிற்கவில்லை என்று உறுதியான பிறகே சல்லடைக்கு வாருங்கள். மேல் சல்லடை 14 மி.மீ., கீழ்ச் சல்லடை 7 மி.மீ. என்ற அளவில் தொடங்கி, விசிறியைப் படிப்படியாகக் கூட்டுங்கள். மணி பறக்கத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். ஒரு மாற்றத்துக்குப் பிறகு ஒரு முறை எண்ண வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்பது தெரியாது.

இரண்டாம் மறுமொழி:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஓட்டும் வேகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. உதறியின்மீது தாளின் கனம் கூடினால், எவ்வளவு நேர்த்தியாகச் சல்லடையை அமைத்திருந்தாலும் மணி வைக்கோலுக்குள் சிக்கியபடியே வெளியேறும். வேகத்தை ஒரு படி குறைத்து எண்ணிப் பாருங்கள். சேதாரம் சட்டென்று விழுந்தால், உதறிக்கு அளவுக்கு மீறிய சுமை போகிறது என்று கொள்ளலாம்.

முன்பகுதி 0.6 சதவீதமும் அலட்சியம் செய்யத் தக்கதன்று. காய்ந்த கதிரை ரீல் வேகமாக அடித்தால் மணி அங்கேயே உதிரும். ரீல் முனையின் வேகம் வண்டியின் வேகத்தைப்போல் 1.1 முதல் 1.25 மடங்குக்குள் இருப்பது நல்லது. மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் செல்லும்போது, 1 மீட்டர் விட்டமுள்ள ரீலுக்கு நிமிடத்துக்கு 32 சுற்று போதுமானது. உங்களுடையது எவ்வளவு?

கேட்டவர்:

ரீலின் விட்டம் 1 மீட்டர்தான். வேகமும் மணிக்கு 5 கி.மீ.தான். ரீல் 45 சுற்றில் ஓடிக்கொண்டிருந்தது, 33க்குக் குறைத்துவிட்டேன். டிரம், கான்கேவ், சல்லடை, காற்று ஆகியவற்றையும் சொன்ன வரிசையில் ஒவ்வொன்றாக மாற்றினேன். காற்றைக் கூட்டக் கூட, தொட்டி சுத்தமானதோடு பின்னால் விழும் மணியும் குறைந்தது எனக்கு வியப்பாக இருந்தது. இப்போது சட்டத்துக்குள் முன்பகுதியில் 12, பின்னால் 100. வகுத்துப் பார்த்தால் முன்பகுதியில் 0.3, பின்பகுதியில் 1 சதவீதம் அளவில் நிற்கிறது. வைக்கோலும் நீளமாக வருகிறது.

ஆனால் மாலையில் ஈரம் ஏறியதும், சில மணிகள் உமி நீங்காமல் தொட்டிக்கு வருகின்றன. கதிர்களிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாக மணி தங்குகிறது. மறுபடியும் 1100க்குப் போக வேண்டுமா? இன்னொன்று: வண்டியைச் சுமையோடு ஓட்டிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினைச் சட்டென்று நிறுத்தி, உள்ளே சல்லடையைப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். அது சரியா?

முதல் மறுமொழியாளர்:

1100 வேண்டாம். முதலில் கான்கேவை 1 அல்லது 2 மி.மீ. நெருக்குங்கள், அது போதவில்லை என்றால் மட்டும் டிரம்மில் 50 சுற்று கூட்டுங்கள். மறுநாள் வெயில் ஏறியதும் பழைய அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். காலையில் பொருந்தும் அமைப்பு பிற்பகலில் பொருந்தாது. ஈரம் 20 சதவீதத்தை நெருங்கினால், அமைப்பை மாற்றுவதைவிட அறுப்பை நிறுத்திக் காத்திருப்பது நல்லது.

எஞ்சினைச் சுமையோடு நிறுத்திப் பார்க்கும் முறை உண்டு. மணி மேல் சல்லடையின் கடைசிப் பகுதிவரை பரவியிருக்கிறதா, உதறியின் பின்முனையில் இன்னும் மணி விழுந்துகொண்டிருந்ததா என்பதை அது நேரடியாகக் காட்டிவிடும். ஆனால் டர்போ பொருத்திய எஞ்சினைச் சூட்டோடு நிறுத்துவது அதற்குத் தீங்கானது என்பதால், இயந்திரத்தின் கையேடு அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள். எப்படி நிறுத்தினாலும், சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுழலும் பாகங்கள் அனைத்தும் முற்றிலும் நின்ற பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

இரண்டாம் மறுமொழியாளர்:

மாலை நேரத்தில் திரும்பிச்செல்லும் எலிவேட்டரின் சிறு கதவையும் வண்டியை நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். அதில் அடிபடாத கதிர்த் துண்டுகள் கொஞ்சம் இருந்தால் இயல்பு. சுத்தமான மணி நிறைந்திருந்தால் கீழ்ச் சல்லடையை ஒரு மில்லிமீட்டர் திறவுங்கள்.