புகையிலைக்கடை வாசல் உருவம்: தமிழில் என்ன பெயர்?

அன்புடையீர், அமெரிக்க நாட்டார் கலை நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே புகையிலைக் கடை வாசலில் மரத்தில் செதுக்கிய பூர்வகுடி உருவம் நிற்கும்: தலையில் இறகு, கையில் சுருட்டுக் கட்டு. ஆங்கிலம் படிக்கத் தெரியாத குடியேறிகளும் அதைப் பார்த்தே கடையை அடையாளம் கண்டார்கள். 'சிகார் ஸ்டோர் இந்தியன்' என்பார்கள். 'சுருட்டுக்கடை இந்தியர்' என்றால் நம்மவர் என்றல்லவா பொருள்படும்?

---

'சுருட்டுக்கடைப் பாவை' என்று வையுங்கள் அம்மா. குறள் 1020இலேயே மரப்பாவை இருக்கிறது. சுருட்டும் நம் சொல். ஆங்கில 'செரூட்' இதிலிருந்து போனதுதான். 'சிலை' மட்டும் வேண்டாம். 'சிலா' என்ற வடசொல், பொருள் கல். மரத்துக்கு எப்படிப் பொருந்தும்?

---

ஐயா, குறளின் மரப்பாவை நாணில் ஆடுவது. கயிறு, வெட்கம் என்று இரு பொருள் தரும் அந்த 'நாண்' இல்லாவிட்டால் குறளில் நயமே இல்லை. இது நிற்கும் உருவம். 'மரச்சிலை' என்று ஊரே சொல்கிறதே.

---

பெயரில் பூர்வகுடி வேண்டுமா என்பதை முதலில் பேசுவோம். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதைச் செதுக்கியவர்கள் அம்மக்களைக் கண்டதே இல்லை. கறுப்பின ஆள் ஒருவருக்குப் புகையிலை இலையால் இடையாடையும் தலைச்சூட்டும் செதுக்கி, புகையிலை வந்த வர்ஜீனியா குடியேற்றத்தின் பெயரால் 'வர்ஜீனியர்' என்றார்கள். நியூயார்க்கிலோ கப்பல் முகப்புச் சிற்பிகள், நீராவிக் கப்பல் வந்து வேலை குறைந்ததும், அதே வெள்ளைப் பைன் மரத்தில் இவற்றைச் செதுக்கினார்கள். 1876இல் கெனால் தெருவில் பட்டறை வைத்த சாமுவேல் ராப் அந்த மரபில் வந்தவர். துருக்கியர் உருவமும் உண்டு. மூக்குப்பொடிக் கடைக்கு ஸ்காட்லாந்து மலைநாட்டார். 'புகையிலைக்கடை உருவம்' என்பதே எல்லாவற்றுக்கும் பொது.

---

ஒப்பமாட்டேன். தங்களை இழிவுபடுத்தும் உருவம் என்று பூர்வகுடி மக்கள் இன்றும் எதிர்க்கிறார்கள். பெயரிலிருந்து அவர்களை எடுத்துவிட்டால் எதை எதிர்க்கிறார்கள் என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும். 'செவ்விந்தியர்' வேண்டாம், 'பூர்வகுடி' கட்டாயம் இருக்கட்டும்.

---

'மர' என்பதும் இடிக்கிறது. பின்னாளில் துத்தநாகத்திலும் வார்த்தார்கள்.

---

எல்லோருக்கும் நன்றி. 'சிலை' ஊர் வழக்கு என்பதால் 'சுருட்டுக்கடைப் பூர்வகுடிச் சிலை' என்று போடுகிறேன். வர்ஜீனியர் செய்தி அடிக்குறிப்பில் வரும்.

---

நீளம். பூர்வகுடி இருப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சிலை கல்தான் அம்மா. அடுத்த பதிப்பிலாவது பாவையைச் சேருங்கள்.