ஏசி ஓர் அறையில், பில் நாலு பேருக்கா?

கடலோரவாசி:
கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பிளாட்டில் இருக்கிறோம். வாடகை, தண்ணி, இன்டர்நெட் எல்லாம் நாலாகப் பிரிக்கிறோம், அதில் சண்டையில்லை. இப்போது ஒருவன் தன் அறைக்கு ஏசி பூட்டிவிட்டான். மாதம் 110 யூனிட்டில் நின்ற கரண்ட் 230 வரை போகிறது. பில்லை வழமைபோல நாலாகவே பிரிப்போம் என்கிறான். நான் ஏலாது என்கிறேன். எது நியாயம்?

பழைய போர்டிங்காரன்:
நாலாகவே பிரியுங்கள் தம்பி. சேர்ந்து இருப்பதென்று முடிவெடுத்த பிறகு யார் எத்தனை மணிக்கு ஃபேன் போட்டான், யார் இரண்டு தரம் அயர்ன் பண்ணினான் என்று பார்க்கத் தொடங்கினால் வீட்டில் நிம்மதி போய்விடும். நாளைக்கு உங்கள் அம்மா ஊரிலிருந்து வந்து இரண்டு கிழமை நின்றால் அதற்கும் கணக்குக் கேட்பானா?

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
அண்ணை, அம்மா வந்து நிற்பது வேறு, ஒவ்வோர் இரவும் ஓடுகிற ஏசி வேறு. கரண்டில் எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை இல்லை. பாவனை கூடக் கூட விலை படிப்படியாக ஏறும், மாதம் 180ஐத் தாண்டிய யூனிட்டுகளுக்குத்தான் ஆகக்கூடிய விலை. மாதாந்த நிலையான கட்டணமும் கூடும். அதனால் யூனிட் இரண்டு மடங்கானால் பில் இரண்டு மடங்கோடு நிற்காது. ஏசி இல்லாவிட்டால் இந்த வீடு 180 பக்கமே போயிருக்காது. 110 யூனிட்டுக்கு என்ன வருமோ அதை நாலாகப் பிரியுங்கள், மிச்சம் முழுவதும் ஏசிக்காரருக்கு.

மட்டுநகர்ப் பிள்ளை:
மலிவான யூனிட் எல்லாம் உங்களுக்கு, விலை கூடினது மட்டும் அவருக்கு என்று எப்படிப் பிரிக்கலாம்? பிரிட்ஜும் ரைஸ் குக்கரும் கீழ்ப்படிகளை முதலே பிடித்துக்கொண்டதால்தானே ஏசி மேல்படிக்குப் போனது? ஏசிக்கு 120, பொதுவுக்கு 110 என்றால் மொத்தப் பில்லையும் அந்த விகிதத்தில் பிரியுங்கள். பாதிக்குச் சற்றுக் கூட அவர் தனியாகக் கட்டட்டும், மீதியை அவரும் சேர்ந்து நாலு பேரும் கட்டுங்கள்.

கொட்டாஞ்சேனைக் கணக்கன்:
அப்படிச் செய்தால் மற்ற மூன்று பேரும் ஒரு யூனிட்கூட அதிகம் பாவிக்காமல் முன்னையைவிடக் கூடக் கட்டவேண்டி வரும். அதை நான் ஏற்கமாட்டேன்.

மட்டுநகர்ப் பிள்ளை:
சேர்ந்து இருப்பதாலும் விலை ஏறத்தான் செய்கிறது. மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்பவர்களுக்கு மலிவான விலை இருக்கிறது. தனித்தனி மீற்றர் என்றால் நீங்கள் எல்லோரும் அதற்குள் நின்றிருக்கலாம். ஒரே மீற்றர் என்பதால் 110க்கு ஏறிய அந்தப் பாரத்தை அவரும் இவ்வளவு நாளும் சேர்ந்துதானே சுமந்தார்?

பம்பலப்பிட்டி அக்கா:
போர்டிங்காரன் அண்ணா, நீங்கள் சொல்கிற நிம்மதியை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலும் நாலாகத்தான் பிரித்தோம். ஏப்ரல் புழுக்கத்தில் ஒருத்தி ஏசி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள். இன்னொருத்தி ஈரத்துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஹோலில் இருந்து சோதனைக்குப் படிப்பாள். இரண்டு பேரும் ஒரே தொகை. படித்தவளுக்கு அப்போது சம்பளமும் இல்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை, வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு இன்றைக்கும் அது மனதுக்குள் இருக்கிறது. வாய்விட்டுக் கேட்கிற சிநேகிதன் வீட்டில் இருப்பது நல்லதுதான் தம்பி. வீட்டுக்காரரிடம் கேட்டு ஏசி இழுக்கிற கரண்டை மட்டும் தனியாக அளக்க அந்த லைனுக்கு ஒரு சப் மீற்றர் போடுங்கள். அப்போது 120 என்பது உங்கள் ஊகமா உண்மையா என்ற வாக்குவாதமாவது இருக்காது.

பழைய போர்டிங்காரன்:
அந்தப் பிள்ளை எழும்பிப் போகவேண்டி வந்தது தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கையில் காசில்லாதவளுக்கு மற்றவர்கள் கூடப் போட்டிருக்க வேண்டும். அதை மீற்றர் சொல்லித் தராது.

கடலோரவாசி:
சப் மீற்றருக்கு அவன் சம்மதித்துவிட்டான், வீட்டுக்காரருக்கும் ஆட்சேபணை இல்லை. விகிதப்படி என்றால் கட்டுகிறேன், மிச்சம் முழுவதும் என்றால் ஏசியைக் கழற்றுகிறேன் என்கிறான். எனக்குக் கணக்கன் சொன்னதுதான் நியாயமாகப் படுகிறது, மற்ற இருவரும் விகிதத்துக்குச் சரி என்கிறார்கள். இந்த மாதம் விகிதப்படி கட்டுகிறோம்.