குமிழி நின்றால் நொதித்தல் முடிந்துவிட்டதா?

புதுக்கை:
முதல் முறையாக வீட்டில் பீர் காய்ச்சியிருக்கிறேன், 20 லிட்டர் ஏல் (மிதமான சூட்டில் நொதிக்கும் பீர் வகை). தொடக்க அடர்த்தி 1.048 (தண்ணீர் 1.000; சர்க்கரை நொதிக்க நொதிக்க எண் இறங்கும்). ஈஸ்ட் போட்டு ஒன்பது நாள் ஆகிறது. ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடிக்குழாய்) நேற்றோடு குமிழி நின்றுவிட்டது, மேலே இருந்த நுரையும் அமிழ்ந்துவிட்டது. அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.020 காட்டுகிறது. புட்டியில் அடைக்கலாமா?

பழங்குடம்:
அடைக்கலாம். மனம் ஒப்பாவிட்டால் இன்னும் ஒரு வாரம் விட்டுவிட்டு அடையுங்கள். பதினைந்து ஆண்டுகளாக நான் பார்ப்பது இரண்டுதான்: குமிழி நின்றதா, பீர் தெளிந்ததா. ஹைட்ரோமீட்டர் ஒருமுறை கைதவறி உடைந்தது. அதன்பிறகு வாங்கவே இல்லை.

அளந்துகுடி:
அடைக்கவே கூடாது. 1.048இல் தொடங்கிய சாதாரண ஏல் 1.010க்கும் 1.014க்கும் இடையில் வந்து நிற்பதுதான் வழக்கம். 1.020 என்றால் ஈஸ்ட் பாதி வழியில் படுத்துவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும். மீதி எட்டுப் புள்ளி (1.020இலிருந்து 1.012 வரை) புட்டிக்குள் நொதித்தால், லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை போட்டதற்குச் சமம். நுரைக்காக நாம் போடுவதே ஆறு, ஏழு கிராம். கண்ணாடி தாங்குமா? ஏர்லாக்கை நம்பவும் முடியாது. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போதும் அது சும்மா இருக்கும். அறை சூடானால், நொதித்து முடிந்த பீரில் கரைந்திருந்த வாயுவும் குமிழியாக வரும்.

பழங்குடம்:
என் புட்டி ஒன்றுகூட வெடித்ததில்லை. மாதிரி எடுக்கிறேன் என்று ஓயாமல் மூடியைத் திறக்கிறீர்களே, காற்று புகாதா? கிருமி புகாதா? மூன்று வாரம் கை வைக்காமல் விட்டால் எந்த ஈஸ்டும் வேலையை முடித்துவிடும்.

அளந்துகுடி:
குளிரில் உறங்கிய ஈஸ்ட் மூன்று மாதம்கூட உறங்கும். புட்டியில் கதகதப்பு கிடைத்ததும் விழித்துக்கொள்ளும். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து, எண் மாறாமல் இருந்தால் அடைக்கலாம். என் விதி இதுதான்.

பழங்குடம்:
அப்படியானால் உங்கள் விதியும் ஓட்டைதான். உறங்கும் ஈஸ்ட் திங்களன்றும் 1.020, வியாழனன்றும் 1.020 காட்டுமே. எண் மாறவில்லை என்று அடைத்துவிடுவீர்களா?

அளந்துகுடி:
நியாயமான கேள்வி, மாட்டிக்கொண்டேன். எண் அசையாமல் இருந்தால் மட்டும் போதாது, அது இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கியும் இருக்க வேண்டும். அந்த அளவைக் கண்டுபிடிக்க வழி உண்டு. நொதிக்கும் வாளியிலிருந்து ஒரு குவளை பீர் எடுத்து, புது ஈஸ்டைத் தாராளமாகப் போட்டு, கதகதப்பான இடத்தில் வைத்து அடிக்கடி குலுக்குங்கள். சில நாளில் குவளையில் நொதித்தல் முடிந்துவிடும். அதில் வரும் எண்ணுக்குத்தான் வாளியும் வந்து சேர வேண்டும். குவளையில் மிஞ்சியதைத் திரும்ப வாளியில் ஊற்றிவிடாதீர்கள்.

ஓரக்கண்:
இவ்வளவு எதற்கு? ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவி) இரண்டு சொட்டு போதுமே.

அளந்துகுடி:
ஆல்கஹால் சேர்ந்ததும் அது கூட்டிக் காட்டும், திருத்தக் கணக்கு போட வேண்டும். புதுக்கை, மாதிரியைக் குலுக்கி வாயுவை வெளியேற்றினீர்களா? குமிழி ஒட்டினால் ஹைட்ரோமீட்டரும் மேலே எழும்பிப் பொய் சொல்லும்.

புதுக்கை:
முன்பு குலுக்கவில்லை. இன்று குலுக்கி அளந்தேன்: 1.018. குவளையும் வைத்துவிட்டேன். வாளியை 16 டிகிரி அறையிலிருந்து 20 டிகிரி அறைக்கு மாற்றினேன். ஒரு மணி நேரத்தில் குமிழி மறுபடி வருகிறது.

பழங்குடம்:
பார்த்தீர்களா, குமிழியே சொல்லிவிட்டது!

அளந்துகுடி:
சூட்டில் வாயு கிளம்புகிறதா, ஈஸ்ட் எழுந்துவிட்டதா என்று குமிழியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்தால்தான் தெரியும்.

புதுக்கை (ஏழு நாள் கழித்து):
1.012. மூன்று நாளாக அதே எண். குவளையிலும் 1.012. நாளை அடைக்கிறேன். இருவருக்கும் நன்றி.

பழங்குடம்:
நான்தான் முதலிலேயே ஒரு வாரம் விடச் சொன்னேனே.

அளந்துகுடி:
16 டிகிரியிலா?