ஆபீஸ் கேலண்டரை எல்லோருக்கும் முழுசாகத் திறந்து வைக்கலாமா?

கோவை_அட்மின்
எங்கள் கம்பெனியில் மெயில், கேலண்டர் எல்லாம் கூகுள் வொர்க்ஸ்பேஸில் ஓடுகிறது. யார் வேண்டுமானாலும் யாருடைய கேலண்டரையும் திறந்து மீட்டிங் தலைப்பு, இடம், வருகிறவர்கள் பெயர் எல்லாவற்றையும் பார்க்கலாம். இதை ‘பிஸி’ என்று மட்டும் தெரிகிற மாதிரி மாற்றப் போகிறேன் என்றேன். டீம் லீடுகள் கொதித்துவிட்டார்கள். மாற்றலாமா, வேண்டாமா?

எட்டாம்மாடி
வேண்டாம் சார். நான் டீம் லீட், என் கஷ்டத்தைச் சொல்கிறேன். நியூயார்க் கிளையண்ட் காலை 9 மணிக்கு வைக்கிற கால் கோடையில் நமக்கு மாலை 6:30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் அது நமக்கு 7:30 ஆகிவிடும். நம் நேரப்படி 7:30-க்குப் போட்டு வைத்த உள் மீட்டிங் நகராது. ஒரே ராத்திரியில் எல்லார் கேலண்டரும் முட்டிக்கொள்ளும். அப்போது எதை நகர்த்தலாம், எதைத் தொடக்கூடாது என்று தலைப்பைப் பார்த்தால்தான் தெரியும். வெறும் ‘பிஸி’ கட்டங்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஒவ்வொருத்தரையும் தனியாகக் கேட்டு முடிப்பதற்குள் அந்த வாரம் போய்விடும்.

தரமணி_மழை
உங்கள் சிரமம் நிஜம்தான். இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். என் பழைய ஆபீஸில் ஒரு தோழி ‘டாக்டர், ஸ்கேன்’ என்று காலை 11 மணிக்கு ஒரு கட்டம் போட்டாள். அடுத்த வாரம் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, ‘உன் மாட்யூலை அடுத்த வருஷம் யாருக்குக் கொடுக்கலாம்?’ என்று கேட்டார். கர்ப்பமாக இருப்பதை அவள் அதுவரை மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. இதை யாரும் திருடிப் பார்க்கவில்லை, கம்பெனியே திறந்து வைத்திருந்தது. இன்னும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

எட்டாம்மாடி
அது ரொம்பத் தப்பு, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ‘பிரைவேட்’ என்று வைக்க வசதி இருக்கிறதே? இல்லையென்றால் சொந்த விஷயத்தை ஆபீஸ் கேலண்டரில் போடாமல் இருக்கலாம்.

தரமணி_மழை
போடாவிட்டால் அந்த 11 மணிக்கு நீங்கள்தான் ஒரு மீட்டிங் வைப்பீர்கள்! போட்டே ஆக வேண்டும். அப்புறம், மறைக்க வேண்டியதை ஒவ்வொரு முறையும் நினைவாக மறைக்கிற வேலை ஊழியர் தலையில் ஏன்? மூடியிருப்பதைத் தேவைப்படுகிறவர்களுக்குத் திறந்துவிடுவதுதான் முறை.

பி.ஏ_வாழ்க்கை
சொந்த விஷயத்தோடு இது நிற்காது. நான் ஒரு டைரக்டரின் கேலண்டரைப் பார்த்துக்கொள்கிறேன். ‘சம்பள உயர்வு’ என்று போட்டு பக்கத்தில் ஒருவர் பெயர், அடுத்த கட்டத்தில் ‘நோட்டீஸ் பேச்சு’ என்று இன்னொருவர் பெயர். உள்ளே போனால் இணைத்த கோப்பின் லிங்க், வீடியோ மீட்டிங் லிங்க்.

‘பிரைவேட்’ என்பதைப் பூட்டு என்று நினைக்காதீர்கள். கூகுளில் ஒரு கேலண்டரைத் திருத்தும் உரிமை யாருக்கு இருக்கிறதோ அவருக்கு பிரைவேட் நிகழ்வும் முழுசாகத் தெரியும். மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கில் நம் சார்பாகக் கேலண்டரைக் கையாள ஒருவரை நியமிக்கும்போது, பிரைவேட் நிகழ்வுகளை அவர் பார்க்கலாமா என்று தனியாக ஒரு டிக் இருக்கிறது. அப்படி இருந்தும், முழு மறைப்புக்கு இந்த வசதியை நம்பாதீர்கள் என்று மைக்ரோசாஃப்டே எச்சரிக்கிறது.

சட்டம்_பேசுவோம்
2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இங்கே கொண்டுவந்துவிடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்கிறேன். அதன் 7-வது பிரிவு, வேலை சம்பந்தமான தேவைக்கு ஊழியரின் தரவைப் பயன்படுத்த நிறுவனத்துக்கு இடம் கொடுக்கிறது. திறந்த கேலண்டர் சட்டவிரோதம் என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

தரமணி_மழை
நிறுவனம் பயன்படுத்தலாம் என்பது சரி. அக்கவுண்ட்ஸில் இருக்கிறவர் என் ஸ்கேன் நேரத்தைப் பார்ப்பதில் என்ன வேலைத் தேவை இருக்கிறது?

எட்டாம்மாடி
சரி, முழு விவரம் வேண்டாம். தலைப்பு மட்டும் தெரியட்டும். அவுட்லுக்கில் அப்படி ஒரு நடுநிலை உண்டு, தலைப்பும் இடமும் மட்டும் காட்டும்.

கோவை_அட்மின்
கூகுளில் அந்த நடுப்படி இல்லையே சார். பார்க்க மட்டும் அனுமதி கொடுப்பதென்றால் ஒன்று ‘பிஸி’, இல்லை முழு விவரம். அதுவுமில்லாமல் ‘ஸ்கேன்’ என்பதே தலைப்புதானே?

பி.ஏ_வாழ்க்கை
அவுட்லுக் பின்னால் ஓடும் எக்ஸ்சேஞ்சில் மீட்டிங் ரூம் கேலண்டரைப் பாருங்கள். யாராவது ரூம் பிடித்தால், தொடக்க அமைப்பிலேயே தலைப்பை எடுத்துவிட்டு ஏற்பாடு செய்தவர் பெயரைப் போட்டுவிடும். ரூம் காலியா, யாரிடம் கேட்கலாம் என்பதற்கு அது போதும். உங்கள் முட்டல் பிரச்சினைக்கும் முக்கால்வாசி அதே போதும்.

எட்டாம்மாடி சார், உங்கள் டீமுக்கு ஒரு குரூப் மெயில் முகவரி இருக்கும். ஒவ்வொருவரும் தன் கேலண்டரை அந்தக் குரூப்புக்கு மட்டும் முழுசாக ஷேர் செய்யட்டும். ஆள் டீம் மாறி குரூப்பிலிருந்து நீக்கினால் அவர் பார்வையும் தானாகப் போய்விடும். தனித்தனி ஆட்களுக்குக் கொடுத்தால் ஒருவர் விலகி மாதங்கள் ஆன பிறகும் பெர்மிஷன் அப்படியே தொங்கும்.

எட்டாம்மாடி
என் டீமுக்குள் அது சரிவரும். ஆனால் எனக்கு முட்டுவது பெரும்பாலும் டெஸ்டிங் டீமோடு. புதிதாகச் சேர்கிறவர் ஷேர் செய்ய மறப்பார், அவர் பின்னாலேயே நான் ஓட வேண்டும். இந்தக் கூடுதல் வேலையை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. டெஸ்டிங் டீம் தங்கள் கேலண்டரை எங்கள் குரூப்புக்கும் திறந்தால் ஒப்புக்கொள்கிறேன். அதுவரை என் ஓட்டு பழைய முறைக்குத்தான்.

தரமணி_மழை
டெஸ்டிங்கிடம் கேட்டு வாங்குங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். கேட்டுக் கொடுப்பது வேறு, கேட்காமல் எல்லோருக்கும் திறந்திருப்பது வேறு.

கோவை_அட்மின்
நன்றி. ‘பிஸி’ என்றே வைக்கப் போகிறேன். உள்ளே இருப்பவர்களுக்கு நான் வைப்பது தொடக்க நிலை மட்டும்தான். வேண்டியவர் தன் கேலண்டரைத் தானே திறந்துகொள்ளலாம், நான் தடுக்கவில்லை. வெளியாட்களுக்கு நான் வைக்கும் வரம்பை ஊழியர் தாண்ட முடியாது. அங்கேயும் ‘பிஸி’ மட்டும். இத்தனை நாள் வெளியேயும் திறந்து கிடந்ததால், கேலண்டரின் ரகசிய முகவரியை யாராவது வெளியே கொடுத்திருந்தால் செட்டிங்ஸில் போய் மாற்றச் சொல்லி மெயில் போடுகிறேன். அந்த முகவரி கையில் இருந்தால் லாகின் இல்லாமலே பார்க்கலாம். மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே டீம் குரூப்புகளைத் தயார் செய்துவிடுகிறேன். புதிதாகச் சேர்கிறவர்களின் முதல் நாள் பட்டியலில் குரூப்புக்கு ஷேர் செய்வதையும் சேர்க்கிறேன். எட்டாம்மாடி சார் சொன்ன கூடுதல் வேலை லீடுகள் தலையில் விழக்கூடாது.