கேன்டீன்ல 40 நிமிஷ வீடியோ போட்டா ஆச்சா?

ஊசிநூல்
திருப்பூர் பக்கம் ஒரு யூனிட்ல பேக்கிங்ல இருக்கேனுங்க. போன வாரம் ஷிஃப்ட் முடிஞ்ச கையோட எல்லாரையும் கேன்டீன்ல உக்கார வெச்சு, 'எல்லோருக்குமான பணியிடம்'னு ஒரு வீடியோ போட்டாங்க. 40 நிமிஷம். கடைசில ரெஜிஸ்டர்ல கையெழுத்து.

எங்க செக்‌ஷன்ல காது கேக்காத தம்பி ஒருத்தன் இருக்கான். பீஸ் மடிக்கிறதுல அவனை அடிச்சுக்க ஆளில்லை. வீடியோவுல எழுத்தும் ஓடல, சைகை மொழியும் இல்ல. அவன் திரையை விட்டுட்டு எங்க மூஞ்சியையே பாத்துட்டிருந்தான். நாங்க சிரிச்சா சிரிச்சான், கம்முனு இருந்தா கம்முனு இருந்தான். நடுவுல மாற்றுத்திறனாளிகளைப் பத்தி அஞ்சு நிமிஷம் வந்துச்சு. அப்பவும் எங்க மூஞ்சிதான். கடைசில அவனும் கையெழுத்துப் போட்டான்.

வீடியோ ட்ரெயினிங்கே தண்டம்ங்கிறது என் கட்சி. மறுக்கிறவங்க வாங்க.

கோவை_எச்ஆர்
மறுக்கிறேன் அண்ணா. அது வீடியோ குத்தமில்ல, பாக்காமயே வாங்கினவங்க குத்தம். எழுத்து ஓடுற வீடியோ கேட்டா கிடைக்கும்.

எங்களுக்கு மூணு ஊர்ல யூனிட், மூணு ஷிஃப்ட். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, பிரிவு 19, குறிப்பிட்ட இடைவெளியில விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்தணும்னு சொல்லுது. ராத்திரி 2 மணிக்கு எந்த ட்ரெயினர் வருவாங்க? வர்றவங்களும் ஆளுக்கொண்ணு பேசுறாங்க. ஒருத்தர் "பொண்ணுங்க முதல்ல ஒழுங்கா உடுத்தணும்"னு ஆரம்பிச்சார். மைக்கை வாங்கி வெச்சுட்டு டீ குடுத்து அனுப்பினேன். வீடியோல அந்த வம்பு இல்ல. சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்து மூலமா புகார் குடுக்கணும்ங்கிறதே எங்க லைன்ல பல பேருக்கு வீடியோ பாத்துத்தான் தெரிஞ்சது.

ரெண்டுமடங்கு_வேகம்
ஐடியிலிருந்து ஒரு வாக்குமூலம். வேகமா ஓட்டக்கூடாதுன்னு எங்க போர்ட்டல்ல 'அடுத்து' பட்டனைப் பூட்டி வெச்சிருப்பாங்க. ரெண்டாவது மானிட்டர்ல சத்தமில்லாம ஓட விட்டுட்டு வேலையைப் பாப்போம். கடைசில பரீட்சை. நாலு விடையில எது நீளமா இருக்கோ அதுதான் சரி. மூணு வருஷமா தப்பினதே இல்ல.

மீசை82
எல்லா வீடியோலயும் வில்லன் ஒரு மீசைக்காரன். கூட வேலை பாக்குற பொண்ணுகிட்ட சாப்டியான்னு கேக்கவே யோசனையா இருக்கு. இப்படி வற்புறுத்தி உக்கார வெச்சா வெறுப்புதான் வளரும்.

சங்கத்துக்காரி
மீசை தம்பி, சாப்டியான்னு கேட்டதுக்கு எந்தப் புகார் கமிட்டியும் யாரையும் கூப்பிடாது. ஆனா வற்புறுத்தினா வெறுப்பு வரும்னு சொல்றீங்க பாருங்க, அதுல விஷயம் இருக்கு. ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா காலெவ்னு ரெண்டு சமூகவியலாளர்கள் 2016ல இதைத்தான் எழுதினாங்க. பயிற்சியைக் கட்டாயமாக்கின அமெரிக்கக் கம்பெனிகள்ல அஞ்சு வருஷம் கழிச்சுப் பாத்தா, மேலாளர் பதவியில கறுப்பினப் பெண்களோட பங்கு கூடல, குறைஞ்சிருந்துச்சு. விருப்பப்பட்டு வந்தவங்களுக்கு நடத்துன இடத்துல பலன் தெரிஞ்சுது. சிக்கல் என்னன்னா, யார் வந்து உக்காரணுமோ அவன் விருப்பப்பட்டு வர மாட்டான்.

அதனால நான் வேற பக்கம் பாக்கிறேன். 2021ல திண்டுக்கல் பக்கத்துல ஆயத்த ஆடை ஆலையில வேலை பார்த்த ஒரு தலித் பெண் கொல்லப்பட்டாங்க. அதுக்கப்புறம் ஆலைக்குள்ள பெண்கள் மேல நடக்குற வன்முறையையும் தொந்தரவையும் தடுக்க 2022ல வந்ததுதான் திண்டுக்கல் ஒப்பந்தம். சங்கமும் ஆலையும் கையெழுத்துப் போட்டாங்க, துணி வாங்குற வெளிநாட்டு பிராண்டுகளும் கட்டுப்பட்டாங்க. சாதியும் அதுல வந்துச்சு, வெறும் ஆண் பெண் விவகாரமா சுருக்கல. தையல் லைன்ல இருக்கிற பெண்களையே பயிற்சி குடுத்துக் கண்காணிக்க வெச்சாங்க. பிரச்சினைன்னா பக்கத்து மெஷின்ல இருக்கிறவகிட்ட சொல்லலாம். திரைகிட்ட என்னத்தைச் சொல்லுவீங்க?

கோவை_எச்ஆர்
அக்கா, திண்டுக்கல்ல சங்கம் பலமா இருந்துச்சு. சங்கமே இல்லாத ஊர்ல என்ன பண்றது? ஸ்டார்பக்ஸ் காபிக்கடை கதையைப் பாருங்க. 2018 ஏப்ரல்ல ஃபிலடெல்ஃபியா கடையில எதுவும் வாங்காம நண்பருக்காகக் காத்திருந்த ரெண்டு கறுப்பின ஆண்களைப் போலீஸைக் கூப்பிட்டுக் கைது பண்ண வெச்சாங்க. மே 29 மத்தியானம் அமெரிக்காவுல 8,000 கடைக்கு மேல மூடி, சுமார் 1,75,000 பேருக்குப் பயிற்சி. அத்தனை பேருக்கும் ஒரே நாள்ல எப்படி முடிஞ்சது? வீடியோ போட்டு, சின்னச் சின்னக் குழுவா பேச வெச்சதாலதான்.

சங்கத்துக்காரி
அந்தப் பயிற்சிக்குப் பத்து நாள் முன்னாடி நடந்ததை விட்டுட்டீங்களே! எதுவும் வாங்காட்டியும் கடையில உக்காரலாம், கழிப்பறை போகலாம்னு விதியை மாத்தினாங்க. வாசல்ல நிக்கிறவனுக்குத் தெரிஞ்சது அந்த மாத்தம்தான். 2025 ஜனவரியில அதையே திருப்பிட்டாங்க. வீடியோ பாத்த ஊழியரே இப்ப எழுந்து போங்கன்னு சொல்லியாகணும்.

கோவை_எச்ஆர்
சரி, அதை ஒத்துக்கிறேன். விதி இல்லாம வீடியோ மட்டும் போட்டா வேலைக்காகாது. ஆனா விதியை மாத்தினாலும் அதை ராத்திரி ஷிஃப்ட்ல இருக்கிற ஒடியா பையனுக்கு அவன் பாஷையில யாரு சொல்லுவா? எனக்கு வீடியோதான் கதி. பதினஞ்சு நிமிஷம் ஓட்டி, நடுவுல நிறுத்தி, பேச விடறேன். முதல் தடவை வாயே திறக்க மாட்டாங்க. மூணாவது தடவைல ஒருத்தி எழுந்து, "டாய்லெட் போறதுக்கு டோக்கன் எதுக்கு?"ன்னு கேட்டா. பாடத்துக்கு சம்பந்தமில்லாத கேள்வி. அடுத்த மாசம் டோக்கன் போச்சு.

ரெண்டுமடங்கு_வேகம்
அந்த அக்காவை எங்க ஆபீஸுக்கு அனுப்புங்க மேடம்.

கோவை_எச்ஆர்
ஊசிநூல் அண்ணா, அந்தத் தம்பிக்கு வீடியோவுல என்ன இருந்துச்சுன்னு அப்புறமாவது யாராவது சொன்னாங்களா?

ஊசிநூல்
அவனே கேட்டானுங்க. மறுநாள் மத்தியானம் போன்ல டைப் பண்ணிக் காட்டினான்: "நேத்து எதுக்குச் சிரிச்சீங்க?"

நாங்க சிரிச்சது வீடியோவுக்கு இல்லைங்க. அதுல ஒரு திருநங்கை புதுசா வேலைக்குச் சேர்ற காட்சி. பின்னாடி நின்ன சூப்பர்வைசர் ஒரு கமென்ட் அடிச்சார், ஹாலே சிரிச்சுது. நானும்தான்.

கோவை_எச்ஆர்
சூப்பர்வைசர் ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டாரா?

ஊசிநூல்
முதல் கையெழுத்தே அவரோடதுதான். தம்பிக்கு நான் "ஒண்ணுமில்லடா"ன்னு டைப் பண்ணிட்டு மடிக்கப் போயிட்டேன்.