புதுப் பையன் கையில் மணியைக் கொடுக்கலாமா?

கரும்பலகை:
"ஆங்கிலம் பேசிப் பழகும் கிளப்பை முதல் வாரமே கற்பவர்களிடம் விட்டுவிடுங்கள், தலைமைப் பண்பு வளரும், ஆசிரியர் பின்வரிசையில் சும்மா உட்காரட்டும்" என்று நேற்று நிலாமுற்றம் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல். பதினோரு வருடம் கிளப் நடத்தியவன் நான். ஒரு முறை அப்படி விட்டும் பார்த்தேன். 'ஆ', 'உம்' என்று இழுத்தால் மணி அடிக்கும் வேலையைப் புதுப் பையன் ஒருவனிடம் கொடுத்தேன். இரண்டு நிமிடப் பேச்சுக்குள் பதினெட்டு முறை அடித்தான். பேசிய பெண் அடுத்த வாரம் வரவில்லை. இதுதான் தலைமைப் பண்பா?

நிலாமுற்றம்:
மணியைக் கொடுத்தது நீங்கள்தானே சார்? எப்போது அடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தீர்களா? 1924இல் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி கிளப்பில் டைமர் (நேரம் பார்ப்பவர்), கிராமரியன் (மொழிப் பயன்பாட்டைக் கவனிப்பவர்), ஆ-கவுன்டர் ('ஆ', 'உம்' எண்ணுபவர்) வேலை எல்லாமே உறுப்பினர்கள் மாறி மாறிச் செய்வதுதான். வாத்தியார் என்று தனியாக யாரும் கிடையாது.

கரும்பலகை:
அது மேடைப்பேச்சு பழகும் இடம். வினைச்சொல்லே தடுமாறுகிறவர்களுக்கு மணி எதற்கு? பதினெட்டு முறை!

ஈரெழுத்து:
மணியை விடுங்கள். மொழி வகுப்புகளில் பிழை திருத்துவது பற்றி லிஸ்டர், ரான்டா என்ற ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். மாணவர் தப்பாகச் சொன்னதை ஆசிரியரே சரியாகத் திருப்பிச் சொல்வதுதான் வகுப்பில் அதிகம் நடந்தது. மாணவர்கள் தங்களைத் திருத்திக்கொண்டது அதில்தான் குறைவு. ஆக, ஆசிரியர் திருத்தினால் மட்டும் என்ன கிழிந்துவிடுகிறது?

கரும்பலகை:
அது பிரெஞ்சு வழியில் பாடம் படித்த பிள்ளைகளைப் பற்றியது. அதில் மணி எங்கே வருகிறது?

நிலாமுற்றம்:
சரி, பிரெஞ்சுக்கே வருகிறேன். ஜெர்மனியில் ஜான்-போல் மார்ட்டின் என்ற ஆசிரியர் 1980களில் பிரெஞ்சுப் பாடம் நடத்தும் வேலையையே மாணவர்களிடம் கொடுத்தார்.

கரும்பலகை:
கொடுத்தார். ஆனால் கூடவே இருந்து தயார்படுத்தினார், தேவைப்பட்டபோது குறுக்கிட்டார். பின்வரிசையில் சும்மா உட்காரவில்லை. என் கட்சிக்கு ஆள் சேர்த்துக் கொடுத்ததற்கு நன்றி.

நிலாமுற்றம்:
கற்பவர்களைத் தயார்படுத்த வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? இருக்கட்டும், போன மாதம் ஒன்பது வருடம் என்றீர்கள், இப்போது பதினோரு வருடமா?

கரும்பலகை:
இடையில் இரண்டு வருடம் இன்னொரு கிளப்பில் இருந்தேன். அதையும் சேர்த்துச் சொன்னேன். என் அனுபவத்தைத் தணிக்கை செய்ய நீங்கள் யார்? உச்சரிப்பு பற்றிய விவாதத்தில் பதில் சொல்லாமல் ஓடியது நினைவிருக்கிறதா?

ஈரெழுத்து:
அய்யா, அந்தப் பழைய கணக்கு இங்கே எதற்கு?

தாமதவாசகி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் எங்கள் கிளப்பில் மூன்றாவது வாரம் டைமராக இருந்தேன். பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை காட்டும் வேலைதான், பேசவே வேண்டாம். கடைசியில் யார் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று சொல்ல எழுந்தேன் பாருங்கள், அதுதான் நான் எல்லோர் முன்னும் பேசிய முதல் ஆங்கிலம். அப்புறம் ஒரு கேள்வி: அந்தப் பெண் ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டீர்களா?

கரும்பலகை:
கேட்க என்ன இருக்கிறது? பதினெட்டு முறை அம்மா. நானே எண்ணினேன்.

நிலாமுற்றம்:
எண்ணிக்கொண்டு உட்கார்ந்த நேரத்தில் எழுந்து நிறுத்தியிருக்கலாமே சார்!

கரும்பலகை:
நிறுத்தியிருந்தால் "ஆசிரியர் குறுக்கிடுகிறார்" என்று முதல் ஆளாக வந்து எழுதியிருப்பது நீங்கள்தான்.

ஈரெழுத்து:
அந்தப் பையன் இப்போது என்ன செய்கிறான்?

கரும்பலகை:
அவன்தான் கிளப் செயலாளர். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.