வீடு கேட்டு மூணு பேர், மூணு விதக் கடன்: யாரிட்ட அட்வான்ஸ் வாங்கலாம்? (தக்கலைப் பக்கம்)

கல்குளம்_வீடு எழுதியது:

வணக்கம். குமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்துல, பஞ்சாயத்து எல்லையில 7 சென்ட்ல உள்ள வீட்டை விலைக்குப் போட்டிருக்கோம். கீழ்த்தளம் 1,250 சதுர அடி, 2009-ல பிளான் அப்ரூவலோட கட்டினது. மாடி 550 சதுர அடி, 2016-ல எடுத்தது. மாடிக்கு அப்ரூவல் இல்ல, வீட்டு வரி மட்டும் சேர்த்துக் கட்டுறோம். 1991 பாகப்பிரிவினை ஆதாரம் (பத்திரம்), தனிப் பட்டா ரெண்டும் உண்டு. முன்னாதாரம், அதாவது அதுக்கு முந்தின பத்திரம், மலையாளத்துல இருக்கு. வீட்டு மேல கடன் பாக்கி கிடையாது.

இப்ப மூணு பேர் கேக்காங்க. முதல் ஆள் 64 லட்சம் சொல்றார், அரசு வங்கியில 50 லட்சம் லோன், வங்கி முதல்கட்ட ஒப்புதல் கடிதம் காட்டினார். ரெண்டாவது ஆள் 67 லட்சம், ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியில 80 சதவீதம் எடுப்பாராம். மூணாவது ஆள் மஸ்கட்ல வேலை, 63 லட்சம், என்.ஆர்.ஐ. லோன் 40 லட்சம் போக மீதி சொந்தப் பணம், இங்க தம்பிக்கு பவர் (அவருக்குப் பதிலாக் கையெழுத்துப் போடுற அதிகாரப் பத்திரம்) கொடுத்து முடிப்பாராம். வீட்டுல எல்லாரும் 67-ஐப் பிடின்னு சொல்றாங்க. எந்த லோன் ஆள் நமக்குப் பத்திரம்?

மதிப்பீடு_நாஞ்சில் எழுதியது:

லோன் எந்த வகைங்கறது ரெண்டாவது கேள்வி. உங்க வீட்டுக்கு வங்கி என்ன மதிப்புப் போடும்ங்கறதுதான் முதல் கேள்வி. மூணு பேரையும் அதுல வச்சுத் தட்டிப் பாருங்க.

கடன் கணக்கு அக்ரிமெண்ட் விலையில ஓடாது. அக்ரிமெண்ட் விலை, மதிப்பீட்டாளர் போடுற விலை, இதுல எது குறைவோ அதுலதான் சதவீதம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரை கடன்னா 90 சதவீதம், 30-க்கு மேல 75 லட்சம் வரை 80, அதுக்கும் மேல 75. இது உச்சவரம்பு. ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் இதே வரம்புதான். பத்திரச் செலவை இதுல சேர்க்க முடியாது. தமிழ்நாட்டுல முத்திரை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம் வாங்குறவர் கைக்காசுல இருந்து வரணும்.

இப்ப உங்க மாடி. அப்ரூவல் இல்லாத தளத்தை அரசு வங்கி மதிப்பீட்டாளர் பெரும்பாலும் கணக்குல எடுக்க மாட்டார். வீட்டு வரி ரசீது அப்ரூவல் ஆகாது, இதைப் பலபேர் போட்டுக் குழப்பிக்கிறாங்க. ஃபைனான்ஸ் கம்பெனிகள் இதுல கொஞ்சம் தளர்வா இருக்கும், அதுக்குத் தக்க வட்டியும் கூட இருக்கும். உதாரணத்துக்கு மாடி இல்லாம 54 லட்சம், மாடியோட 60 லட்சம்னு மதிப்பு வருதுன்னு வைப்போம்.

முதல் ஆள்: 54-ல 80 சதவீதம், 43.2 லட்சம். அவர் நினைச்ச 50 வராது. வீட்டுக்கு 20.8, பத்திரச் செலவு 5.76, மொத்தம் 26.56 லட்சம் சொந்தமா வேணும். அவர் மனசுல போட்டிருக்கிறது 19.76 தான்.

ரெண்டாவது ஆள்: 60-ல 80 சதவீதம், 48 லட்சம். வீட்டுக்கு 19, பத்திரத்துக்கு 6.03, ஆக 25 லட்சத்துக்கு மேல. அவர் கணக்குல 19.43 இருக்கும்.

மஸ்கட் ஆள்: மதிப்பு 54-க்கு இறங்கினாலும் 43.2 கிடைக்கும், அவர் கேக்கது 40 தான். இந்த ரெண்டு மதிப்புல எது வந்தாலும் ஆடாத ஆள் இவர் ஒருத்தர்தான்.

அந்த 67 லட்சம் பேச்சுல உள்ள விலை. மதிப்பீடு வந்த அடுத்த நாளே "அண்ணாச்சி, 62-க்கு முடிச்சிரலாமே"ன்னு போன் வரும். அதுக்குள்ள மத்த ரெண்டு பேரும் வேற வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பாங்க.

முதல் ஆளிட்ட உள்ள கடிதம் அவர் சம்பளமும் சிபிலும் (கடன் தகுதி மதிப்பெண்) மட்டும் பாத்துக் கொடுத்ததுதான். உங்க வீட்டுக் காகிதத்தை வங்கி இன்னும் கண்ணால கூடப் பாக்கல. வக்கீல் ஒப்பீனியனும் மதிப்பீடும் முடிஞ்சு வர்ற கடிதத்துக்குத்தான் எடை.

வீட்டுக்குப் போற பாதையையும் பாத்துக்கோங்க. நம்ம பக்கம் உள்வீடுகளுக்கு ஆறடி, எட்டடிப் பாதைதான். அந்த வழிப்பாத்தியம் (வழியா நடக்கிற உரிமை) ஆதாரத்துல அளவோட எழுதியிருக்கான்னு பாருங்க. இல்லன்னா எந்த லோன் ஆளானாலும் ஃபைல் அங்க நிக்கும்.

ஆதார_எழுத்து எழுதியது:

மேல சொன்ன கணக்கு சரி. ஆனா முதல் ஆளைத் தள்ள வேண்டாம்னு நினைக்கேன். 27 லட்சம் இருக்குன்னு பாஸ்புக்கோ வைப்புநிதி ரசீதோ காட்டினார்னா அரசு வங்கி ஆளுக்கு ஒரு நல்ல விஷயம் உண்டு: பத்திரம் முடியுற அன்னைக்கே சப் ரெஜிஸ்ட்ரார் ஆபீசுல வங்கி ஆள் உங்க பேர்ல டி.டி. (வங்கி வரைவோலை) கொண்டுவர்றதுதான் வழக்கம். சில ஃபைனான்ஸ் கம்பெனிகள் பத்திரம் பதிஞ்சு, அடமானப் பதிவும் முடிஞ்ச பிறகுதான் பணம் விடும். செக் நகலை மட்டும் காட்டிக் கையெழுத்து வாங்கப் பாப்பாங்க. கையெழுத்துப் போட்டாச்சுன்னா வீடு அவருக்குப் போயாச்சு. பணம் வரலைங்கற காரணத்துக்காகக் கிரயம் செல்லாமப் போகாது. பாக்கித் தொகைக்குச் சொத்து மேல உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு, ஆனா அதுக்குக் கோர்ட்டுக்குத்தான் போகணும். அதனால ரெண்டாவது ஆளிட்ட ஒரே கேள்வி: பதிவு அன்னைக்கு டி.டி. என் கைக்கு வருமா? அதைக் கம்பெனி எழுத்துல தரணும். டி.டி. எண், தேதி, வங்கி, தொகை எல்லாம் பத்திரத்துக்குள்ள ஏறணும். டி.டி.-க்கு ஆயுள் 3 மாசம்.

மலையாள முன்னாதாரம் நம்ம ஜில்லாவுல சாதாரணம். 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சின்னு இருந்த மண்ணு. நாகர்கோவில், குழித்துறை வக்கீல்கள் வாசிச்சிருவாங்க. ஃபைலைச் சரிபாக்கிற ஆபீஸ் வேற ஊர்ல இருந்தா "மொழிபெயர்ப்பு எங்கே"ன்னு திரும்பி வரும். வர்றதுக்கு முன்னாடியே நோட்டரி சான்றோட தமிழாக்கம் எடுத்து வையுங்க. 30 வருச வில்லங்கச் சான்றும் இப்பவே போட்டிருங்க.

மஸ்கட் ஆளுக்கு பவர்தான் இடைஞ்சல். இந்தியத் தூதரகத்துல சான்று வாங்கின பவர் இங்க வந்து சேர்ந்த 3 மாசத்துக்குள்ள மாவட்டப் பதிவாளர் ஆபீசுல முத்திரைத் தீர்வை கட்டணும். வாங்கவும், கடன் பத்திரத்துல கையெழுத்துப் போடவும், மூல ஆதாரத்தை வங்கியில வைக்கவும் தனித்தனியா அதிகாரம் எழுதியிருக்கணும். "சொத்து வாங்க"ன்னு மட்டும் எழுதின பவரை வங்கி திருப்பிரும், மறுபடி தூதரகம், மறுபடி கூரியர். வங்கி தர்ற வாசகத்தை வாங்கி அதையே எழுதச் சொல்லுங்க.

அக்ரிமெண்ட்ல ரெண்டு வரி விடாம எழுதுங்க. ஒண்ணு, வங்கி மதிப்பு குறைஞ்சாலும் கிரயத் தொகை மாறாது, குறைவை வாங்குறவரே கட்டணும். ரெண்டு, 30 நாளுக்குள்ள வக்கீல் ஒப்பீனியனும் மதிப்பீடும் முடிஞ்ச கடிதம் வரலைன்னா நீங்க விலகிக்கலாம். அக்ரிமெண்டைப் பதிவு பண்ணினா அது வில்லங்கத்துல ஏறிரும். ஆள் பின்வாங்கினா ரத்துப் பத்திரத்துக்கு அவரும் வந்து கையெழுத்துப் போடணும். அட்வான்சைத் திருப்பிக் கொடுக்கிறதை அந்த ரத்துப் பதிவு அன்னைக்கு, அதே ஆபீசுல வச்சுக்கோங்க. முன்னாடியே கொடுத்துட்டா அவரைத் தேடி அலையணும்.

மூல ஆதாரம் யார் கையிலயும் போகக் கூடாது. நகல் கொடுங்க, அசலை வங்கியில நீங்களே கொண்டுபோய்க் காட்டித் திரும்பக் கொண்டுவாங்க.

வரி_26 எழுதியது:

சுருக்கமா. விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோன்னா வாங்குறவர் உங்களுக்குத் தர்ற பணத்துல 1 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டிப் பிடிக்கிற வருமான வரி) பிடிச்சு, பிடிச்ச மாசம் முடிஞ்சு 30 நாளுக்குள்ள கட்டணும். 64-க்கு 64,000 ரூபாய். வாங்குறவர் மஸ்கட்ல இருந்தாலும், விற்கிற நீங்க இங்க குடியிருந்தா 1 சதவீதம்தான். உங்க பான் ஆதாரோட இணைக்காம செயலிழந்து கிடந்தா 20 சதவீதம் போயிரும், முதல்ல அதைப் பாருங்க. "விலைக்குப் போட்டிருக்கோம்"னு எழுதியிருக்கீங்க; விற்கிறதோ வாங்குறதோ ஒருத்தருக்கு மேலன்னா எத்தனை படிவம் வேணும்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

லோன் ஆளுக்கு முழு விலையும் பத்திரத்துல ஏறும். மூலதன ஆதாய வரியைக் கழிச்சு வச்சு விலை பேசுங்க: பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாம 12.5 சதவீதம், 2024 ஜூலை 23-க்கு முன்னாடி கிடைச்ச சொத்துங்கறதால சரிக்கட்டலோட 20 சதவீதம், எது குறைவோ அது. அட்வான்ஸ் 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்காதீங்க. வாங்கின தொகை அளவுக்கே அபராதம்.

கல்குளம்_வீடு எழுதியது:

ரொம்ப உபகாரம். பாதை எட்டடி, ஆதாரத்துல இருக்கு. இப்ப மாடிக்கு அப்ரூவலுக்கு அலையணுமா, இல்ல அப்படியே விக்கலாமா?

மதிப்பீடு_நாஞ்சில் எழுதியது:

பக்கத்து எல்லைக்கு விட வேண்டிய இடைவெளி இருக்கான்னு அளந்து பாருங்க. இருந்தா பஞ்சாயத்துல கேட்டுப் பாக்கலாம், ஆனா எத்தனை மாசம் ஆகும்னு யாரும் கையடிச்சுச் சொல்ல மாட்டாங்க. இடைவெளி இல்லன்னா அதுல இறங்க வேண்டாம். மாடிக்கு அப்ரூவல் இல்லைங்கறதை மூணு பேரிட்டயும் இப்பவே சொல்லி அக்ரிமெண்ட்லயும் எழுதிருங்க.

மஸ்கட் ஆளிட்ட 64 கேளுங்க. பவர் வாசகம் இந்த மாசத்துக்குள்ள வங்கியில இருந்து வந்துட்டா அவர்தான். வரலைன்னா முதல் ஆளிட்ட 27 லட்சத்துக்கான கணக்கைக் காட்டச் சொல்லுங்க.